லைலாக் சொல்லும் தேதி: அமெரிக்காவின் இலவச வசந்த வரைபடம் தோட்டத்துக்கு எவ்வளவு உதவும்?

பிப்ரவரி கடைசியில் நான்கு நாள் சேர்ந்தாற்போல வெயில் அடித்துவிட்டால், நியூ ஜெர்சி, வர்ஜீனியா பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கை பரபரக்கும். ரோஜாவைக் கவாத்து செய்யலாமா? ஹைட்ரேஞ்சியாவின் மேல் போட்டிருக்கும் சருகை விலக்கலாமா? நான்கு மாதமாக வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் கறிவேப்பிலைத் தொட்டியை வெளியே வைக்கலாமா? யு.எஸ்.ஏ. நேஷனல் ஃபினாலஜி நெட்வொர்க் வெளியிடும் வசந்த வரைபடங்கள் முதல் கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்லும். இரண்டாவதற்குப் பாதி சொல்லும். மூன்றாவதற்கு எதுவும் சொல்லாது. இது தெரியாமல் வரைபடத்தைத் திறப்பவர்கள்தான் ஏப்ரலில் கருகிய மொட்டைப் பார்த்துவிட்டு அதைத் திட்டுகிறார்கள்.

செடி எப்போது துளிர்க்கிறது, எப்போது பூக்கிறது, பறவை எப்போது வருகிறது என்று பருவத்தோடு சேர்த்துக் கணக்கெடுக்கும் துறைக்கு ஃபினாலஜி என்று பெயர். இந்த அமைப்பு 2007-இல் தொடங்கியது. அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் இருந்து இயங்குகிறது. வரைபடம் பார்க்கக் காசும் வேண்டாம், கணக்கும் தொடங்க வேண்டாம். கிடைப்பவை மூன்று: இலை விடும், பூக்கும் நாட்களைக் காட்டும் வசந்தக் குறியீட்டு வரைபடங்கள், வெப்பத் திரட்சி வரைபடங்களும் அவற்றை வைத்துத் தரப்படும் பூச்சி முன்னறிவிப்பும், நாமே பார்த்துப் பதிவிடும் ‘நேச்சர்ஸ் நோட்புக்’ செயலி. முதலாவதுதான் செய்திகளில் அடிபடுகிறது. தோட்டக்காரருக்கு அதிகம் பயன்படுவது இரண்டாவது.

வசந்தக் குறியீடு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதை நம்பவும் கூடாது, ஒதுக்கவும் கூடாது. அடிப்படையில் இருப்பவை மூன்றே செடிகள். ஒன்று ‘ரெட் ராத்தமஜென்சிஸ்’ என்ற லைலாக், வசந்தத்தில் கொத்தாகப் பூக்கும் புதர்ச்செடி. மற்ற இரண்டும் ஹனிசக்கிள் வகைகள்: ‘ஆர்னால்ட் ரெட்’, ‘ஸபெலி’. 1950களின் நடுவில் மொன்டானாவில் ஜோசப் கேப்ரியோ லைலாக் பூக்கும் நாட்களைத் தன்னார்வலர்களை வைத்துத் திரட்டத் தொடங்கினார். பிற்பாடு கிழக்கு மாநிலங்களிலும் அதே முறை பரவியது. விதை போட்டு வளர்த்தால் செடிக்குச் செடி குணம் மாறும் என்பதால், ஒரே தாய்ச்செடியிலிருந்து எடுத்து வளர்த்த கன்றுகளையே ஊர் ஊராகக் கொடுத்தார்கள். செடி ஒன்றேயானால் தேதியில் வரும் வித்தியாசம் வானிலையின் வேலைதான். இப்படிப் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த பதிவுகளை வைத்து விஸ்கான்சின்–மில்வாக்கி பல்கலைக்கழகத்தின் மார்க் ஷ்வார்ட்ஸ் உருவாக்கிய கணக்குதான் இன்று வரைபடத்துக்குப் பின்னால் ஓடுகிறது.

அந்தக் கணக்குக்குள் போவது தினசரி அதிகபட்ச வெப்பம், குறைந்தபட்ச வெப்பம், பகல் நீளத்தைச் சொல்லும் அட்சரேகை. அவ்வளவுதான். ஜனவரி 1 முதல் வெப்பம் கூட்டப்படுகிறது; கடைசி சில நாட்களின் வெதுவெதுப்புக்குத் தனி எடை உண்டு. மழை கிடையாது. மண் வெப்பம் கிடையாது. குளிர்காலத்தில் செடிக்கு எத்தனை மணி நேரம் குளிர் கிடைத்தது என்ற கணக்கும் இன்றைய வடிவத்தில் கிடையாது. தென் மாநிலங்களுக்கும் வரைபடத்தை நீட்ட வேண்டும் என்பதற்காக அது எடுக்கப்பட்டது. இந்தக் கடைசி விஷயத்தை மறக்கக் கூடாது. டெக்சாஸ், ஜார்ஜியா வாசகர்களுக்காகப் பிறகு இதற்குத் திரும்ப வருகிறோம்.

வரைபடம் சுமார் 2.5 கிலோமீட்டர் சதுரங்களாக நாட்டைப் பிரித்து, இன்றுவரையிலான நிலையையும் அடுத்த ஆறு நாள் முன்கணிப்பையும் காட்டுகிறது. இலைக் குறியீடு ஒன்று, பூக் குறியீடு ஒன்று. கூடவே ஒப்பீட்டு வரைபடமும் உண்டு. 1991–2020 சராசரியை விட முந்தி வந்த இடம் சிவப்பில், பிந்தி வந்த இடம் நீலத்தில் இருக்கும். தரவைக் கோப்பாக இறக்கினால் தேதிக்குப் பதில் ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற எண் வரும். 75 என்றால் சாதாரண ஆண்டில் மார்ச் 16, லீப் ஆண்டில் மார்ச் 15.

இலைக் குறியீடு உங்கள் சதுரத்தைத் தொட்டுவிட்டது என்றால் தோட்டத்தில் என்ன நடக்கும்? லைலாக் மொட்டின் செதில்களைத் தாண்டிப் பச்சை எட்டிப் பார்க்கும், புல் நிறம் மாறும். அதையொட்டித்தான் ஃபோர்சித்தியா என்ற புதரின் மஞ்சள் பூவும் வரும். ரோஜாவின் கணுக்கள் புடைக்கும்; கவாத்துக்கு இதுதான் நேரம். ஃபோர்சித்தியாவையும் லைலாக்கையும் மட்டும் இப்போது வெட்டக் கூடாது. சென்ற ஆண்டுக் கொப்பில்தான் அவை பூ வைத்திருக்கின்றன. பூ முடிந்த பிறகு வெட்ட வேண்டும். பேனிகுலேட்டா ஹைட்ரேஞ்சியா புதுக்கொப்பில் பூப்பது, அதை இப்போது தாராளமாக வெட்டலாம். மேக்ரோஃபில்லா வகையைத் தொட்டால் அந்த ஆண்டு பூ இல்லை. இந்த வேலைகளுக்கெல்லாம் வரைபடம் சரியான வழிகாட்டி, ஏனென்றால் இவை வெப்பத் திரட்சியைப் பொறுத்தவை.

இனி குறை. வரைபடம் ‘செடி விழித்துவிட்டது’ என்று சொல்கிறது. ‘இனி உறைபனி இல்லை’ என்று அது எங்கும் சொல்லவில்லை. வசந்தம் எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவுக்குக் கடைசி உறைபனியும் முந்தும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 2012 மார்ச்சில் மிச்சிகனில் கோடை போல வெயில் அடித்தது. ஆப்பிளும் செர்ரியும் வாரக்கணக்கில் முன்னதாக மொட்டவிழ்ந்தன. ஏப்ரலில் உறைபனி வழக்கம்போல் வந்து அந்த ஆண்டு விளைச்சலில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கைக் கொண்டுபோனது. 2017 பிப்ரவரியில் தென்கிழக்கு மாநிலங்கள் முழுவதும் ஒப்பீட்டு வரைபடத்தில் சிவப்பாக இருந்தன. மார்ச் நடுவில் வந்த கடுங்குளிரில் தலைநகர் வாஷிங்டனில் டைடல் பேசின் நீர்த்தேக்கக் கரையின் யோஷினோ செர்ரி மொட்டுகளில் ஏறத்தாழ பாதி கருகின. அந்தச் செர்ரிகளின் முழுப்பூப்பு, அதாவது 70 விழுக்காடு மலர்கள் விரிந்த நாள், 1990-இல் மார்ச் 15. 1958-இல் ஏப்ரல் 18. ஒரே ஊர், ஒரே மரங்கள், ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி.

ஆகவே சிவப்பைக் கண்டால் மகிழ்ச்சியை விட எச்சரிக்கை அதிகம் வேண்டும். மொட்டு எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவு பலவீனம். ஆப்பிள் மொட்டில் அரை அங்குலப் பச்சை தெரியும்போது 23°F (−5°C) வரை போனால் பத்தில் ஒன்று சாகும். முழுப்பூவில் இருக்கும்போது 28°F (−2.2°C)-லேயே அந்தச் சேதம் வந்துவிடும், 25°F (−3.9°C)-இல் பத்தில் ஒன்பது போய்விடும். இடையில் இருப்பது வெறும் மூன்று டிகிரி. வானிலை அறிக்கையில் ‘குறைந்தபட்சம் 28’ என்றிருந்தால் உங்கள் பள்ளமான கொல்லையில் 25 இருக்கக்கூடும். குளிர்காற்று நீர் மாதிரி, தாழ்ந்த இடத்தைத் தேடி இறங்கும்.

அன்றைக்குச் செய்ய வேண்டியது: காலையிலேயே மண்ணுக்கு நன்றாகத் தண்ணீர் விடுவது. ஈரமண் பகல் வெப்பத்தைப் பிடித்துவைத்து இரவில் விடும். பொழுது சாயும் முன் பழைய போர்வையோ துணியோ தரைவரை விழும்படி போர்த்துவது. மரத்தைச் சுற்றித் தண்டோடு கட்டினால் பலன் இல்லை. மண்ணிலிருந்து எழும் வெப்பத்தைக் குடைபோலப் பிடிப்பதற்குத்தான் துணி. பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடமே கருகும். காலையில் எடுத்துவிட வேண்டும். தெளிவான வானமும் காற்றில்லாத இரவுமாக இருந்தால் இதில் சில டிகிரி கிடைக்கும். காற்றோடு வரும் கடுங்குளிரில் போர்வை ஒன்றும் செய்யாது. செய்யக் கூடாதது ஒன்று, சீக்கிரம் துளிர்த்துவிட்டதே என்று தழைச்சத்து உரத்தைக் கொட்டுவது. அது இளந்தளிரை இன்னும் கிளப்பிவிட்டுக் குளிருக்குப் பலியாக்கும்.

கறிவேப்பிலை, மல்லிகை, முருங்கை இந்த விஷயத்தில் லைலாக்குக்குச் சொந்தமே இல்லை. லைலாக் உறைபனிக்குப் பழகிய செடி. கறிவேப்பிலை ஒரு இரவு உறைபனியிலேயே இலை கொட்டும். ஆகவே பூக் குறியீடு வந்துவிட்டது என்பதால் தொட்டியை வெளியே வைக்கக் கூடாது. பார்க்க வேண்டியது இரவு வெப்பம்: தொடர்ந்து 50°F (10°C)-க்கு மேல் நிற்க வேண்டும். நியூ ஜெர்சியில் இது பெரும்பாலும் மே நடுவில் வரும். அங்கே அன்னையர் தினத்துக்குப் பிறகே தக்காளி நடும் பழக்கம் காரணமில்லாமல் வந்ததல்ல. முதல் மூன்று நாள் நிழலில் இரண்டு மணி நேரம், பிறகு காலை வெயில் மட்டும், பத்து நாளில் முழு வெயில். நேராக வெயிலில் வைத்தால் குளிரில் தப்பிய இலை வெயிலில் வெளுத்துவிடும். கடைசி உறைபனித் தேதிக்கு அமெரிக்க அரசின் வானிலை, கடல் ஆய்வு அமைப்பான நோவாவின் முப்பதாண்டுச் சராசரிப் பட்டியலைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் உறைபனி வர 50 விழுக்காடு வாய்ப்புள்ள தேதி ஒன்று, 10 விழுக்காடு வாய்ப்புள்ள தேதி ஒன்று அதில் இருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செடியை இழக்கத் தயார் என்றால் முதலாவது, இல்லையென்றால் இரண்டாவது.

பலர் இதோடு அமெரிக்க வேளாண் துறையான யு.எஸ்.டி.ஏ.வின் கடினத்தன்மை மண்டல வரைபடத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 2023-இல் புதுப்பிக்கப்பட்ட அது, ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவுகளின் சராசரியை மட்டும் சொல்கிறது. செடி குளிர்காலத்தைத் தாண்டுமா என்பதற்கு அது போதும். எப்போது துளிர்க்கும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரே மண்டல எண் கொண்ட சியாட்டலுக்கும் டெக்சாஸின் ஒரு நகரத்துக்கும் வசந்தம் ஒரே நாளில் வருவதில்லை.

இப்போது வெப்பத் திரட்சிக்கு வருவோம். இந்தச் சேவையின் உண்மையான சொத்து இதுதான். ‘டிகிரி நாள்’ என்பார்கள். அன்றைய அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, அடிப்படை வெப்பத்தைக் கழித்தால் அன்றைய கணக்கு. அதிகபட்சம் 68°F, குறைந்தபட்சம் 44°F என்றால் சராசரி 56. அடிப்படை 50 போனால் 6. கழித்தலில் எதிர்மறை வந்தால் பூஜ்யம். ஜனவரி 1 முதல் கூட்டிக்கொண்டே போக வேண்டும். 32°F அடிப்படையில் ஒன்று, 50°F அடிப்படையில் ஒன்று என்று இரண்டு வரைபடங்கள் இங்கே தினமும் புதுப்பிக்கப்படுகின்றன.

எதற்குப் பயன்படும்? ஆஷ் மரத்தைக் கொல்லும் மரகதத் துளைப்பான் வண்டு, 50°F அடிப்படையில் 450 டிகிரி நாள் சேரும்போது பட்டையைத் துளைத்து வெளியே வரத் தொடங்கும். 1000-ஐ ஒட்டி உச்சம். வண்டு வெளிவரத் தொடங்குவது ஏறக்குறைய பிளாக் லோகஸ்ட் மரம் வெள்ளையாகப் பூக்கும் சமயம். மரத்தண்டில் மருந்து ஊசி போடுவதாக இருந்தால் இலை முழுதாக விரிந்த பிறகுதான் போட வேண்டும். இலை நீரை இழுத்தால்தான் மருந்து மேலே ஏறும். மொட்டை மரத்தில் போட்ட மருந்து போட்ட இடத்திலேயே நிற்கும். மின்னஞ்சல் கொடுத்துவைத்தால் உங்கள் இடத்துக்கு எச்சரிக்கை வரும் வசதியும் உண்டு. மருந்துக் கம்பெனி விளம்பரம் தரும் தேதியை விட இது நம்பத்தகுந்தது.

தவறு நடக்கும் இடங்களும் இங்கேதான் அதிகம். முதலாவது அலகு. செல்சியஸில் 250 என்பது ஃபாரன்ஹீட்டில் 450; கனடியக் கையேட்டின் எண்ணை அமெரிக்க வரைபடத்தில் தேடினால் வண்டு வருவதற்குப் பல நாள் முன்பே மருந்தடித்துவிடுவீர்கள். இரண்டாவது தொடக்க நாள். சில பூச்சிகளுக்கான எண்கள் மார்ச் 1 முதல் எண்ணி எடுக்கப்பட்டவை. மூன்றாவது கணக்கு முறை. அதிகபட்சம் 60, குறைந்தபட்சம் 30 என்றால் சராசரி 45. எளிய முறையில் அன்றைக்குப் பூஜ்யம். ஆனால் மதியம் சில மணி நேரம் 50-க்கு மேல் இருந்தது, பூச்சிக்கு அது கணக்கில் சேரும். வெப்பம் நாள் முழுக்க ஏறி இறங்குவதை வளைவாக வைத்துக் கணக்கிடும் சைன் வளைவு முறை இதைப் பிடிக்கும், எளிய சராசரி விட்டுவிடும். ஆகவே எண் எந்த முறையில் எடுக்கப்பட்டதோ அதே முறையில்தான் கூட்ட வேண்டும்.

வரைபடத்தின் சதுரம் ஆறு சதுர கிலோமீட்டருக்கு மேல். அதற்குள் தெற்குப் பார்த்த செங்கல் சுவரோரம் ஒரு வசந்தம், வடக்கு நிழலில் இன்னொரு வசந்தம். தார்ச்சாலை ஓரம் முந்தும். மிச்சிகன் ஏரிக்கரை மாதிரியான இடங்களில் ஏரியின் குளிர் மொட்டைப் பிந்தவைக்கும். அங்கே பழத்தோட்டங்கள் கரையோரமாக அமைந்ததற்குக் காரணமே அதுதான். இதற்கு மருந்து, வீட்டுக்கு ஒரு செடியை அளவுகோலாக வைத்துக்கொள்வது. லைலாக் இருந்தால் மிக நல்லது. மொட்டின் செதில் முனையைத் தாண்டி இலையின் அகலமான பகுதி வெளியே வந்த நாளை ‘முதல் இலை’ என்றும், பாதிப் பூங்கொத்துகளிலாவது ஒரு பூ விரிந்த நாளை ‘முதல் பூ’ என்றும் குறியுங்கள். அன்றைக்கு வரைபடம் காட்டும் டிகிரி நாள் எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். மூன்று ஆண்டு எழுதினால் உங்கள் கொல்லைக்கான திருத்தம் கிடைத்துவிடும். நாள் வித்தியாசத்தை விட டிகிரி நாள் வித்தியாசத்தை நம்புங்கள். குளிர்ந்த மார்ச்சில் ஆறு நாள் என்பது ஒன்றுமில்லை, வெதுவெதுப்பான ஏப்ரலில் ஆறு நாள் மொட்டிலிருந்து பூவரை.

சொந்தமாக அளக்க விரும்பினால் அதிகபட்ச–குறைந்தபட்ச வெப்பமானி ஒன்று போதும். தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரம், நேர்வெயில் படாத இடம், காற்றோட்டம், சுவரில் ஒட்டக் கூடாது. வெயில் பட்டுச் சராசரி தினமும் 3 டிகிரி கூடக் காட்டினால் முப்பது நாளில் 90 டிகிரி நாள் பிசகும். 450-ஐத் தேடும்போது அது ஐந்தில் ஒரு பங்கு.

புல்தரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபோர்சித்தியா பூத்தால் கிராப்கிராஸ் என்ற களைப்புல் முளைக்கும் முன் போடும் களைக்கொல்லியைத் தூவு என்பது அங்கே பழைய வாய்மொழி. சராசரி ஆண்டில் அது பொய்க்காது. பிப்ரவரி வெயிலில் ஃபோர்சித்தியா முந்தும் ஆண்டில் பொய்க்கும்: பூ காற்றின் வெப்பத்துக்குத் திறக்கிறது, களைவிதை மண் வெப்பத்துக்கு முளைக்கிறது. மண்ணில் குத்தும் வெப்பமானி தொடர்ந்து சில நாள் 50–55°F காட்டும்போது தூவுவதே சரி. வரைபடத்தில் மண் வெப்பம் இல்லாதது இங்கேதான் உறைக்கிறது.

டெக்சாஸ், ஜார்ஜியா, அரிசோனா வாசகர்களுக்கு மதிப்பெண் குறையும். பீச், ஆப்பிள் போன்ற மரங்களுக்கு வெப்பத்துக்கு முன்னால் குளிர் வேண்டும். பீச் ரகங்களில் இருநூறு மணி நேரம் கேட்பதும் உண்டு, ஆயிரம் கேட்பதும் உண்டு. குளிர்காலம் வெதுவெதுப்பாகப் போய்விட்டால் குறியீடு ‘முந்திவிட்டது’ என்று சிவப்பில் காட்டும், மரமோ பிந்தி, பாதிக் கணுவில் இலையும் பாதிக் கணுவில் மொட்டையுமாக நிற்கும். அந்த மாநிலங்களில் வேளாண் விரிவாக்கத் துறை வெளியிடும் குளிர்மணி எண்ணையும் சேர்த்துப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். பகல் நீளத்தையும் பார்க்கும் மரங்களும் உண்டு; காட்டுமரமான ‘பீச்’ (beech) அப்படி. மேலே சொன்ன பீச் (peach) பழம் தருவது. காட்டு பீச் வேறு. அது வெப்பத்துக்கு மட்டும் எளிதில் மசியாது.

‘நேச்சர்ஸ் நோட்புக்’ செயலியைப் பற்றிச் சுருக்கமாக. இடத்தைப் பதிந்து, செடியைத் தேர்ந்து, வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை ஒவ்வொரு நிலைக்கும் ஆம், இல்லை, தெரியவில்லை என்று குறிக்க வேண்டும்: மொட்டு உடைகிறதா, இலை இருக்கிறதா, பூமொட்டு உண்டா, பூ விரிந்ததா, காய் உண்டா. எவ்வளவு என்பதை 5 விழுக்காட்டுக்குக் கீழ், 5–24, 25–49 என்று படிகளாகக் கேட்கும். பலர் பூத்த அன்றைக்கு மட்டும் பதிவிட்டுவிட்டு நிறுத்துகிறார்கள். அதில் பாதிப் பயன் போய்விடுகிறது. சனிக்கிழமை ‘இல்லை’, செவ்வாய் ‘ஆம்’ என்றிருந்தால் மூன்று நாளுக்குள் பூத்தது என்று தெரியும். முந்தைய ‘இல்லை’ இல்லாவிட்டால் அந்த ‘ஆம்’ எப்போதோ பூத்ததாகவும் இருக்கலாம். ‘மொட்டு உடைதல்’ என்பதற்கு அவர்கள் தரும் வரையறையைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். பச்சை முனை தெரிய வேண்டும், ஆனால் இலைக்காம்பு வெளியே வந்திருக்கக் கூடாது. புடைத்த மொட்டைப் பார்த்து ‘ஆம்’ போடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

டொராண்டோவில் இருப்பவர்களுக்கு வரைபடம் எல்லையோடு நின்றுவிடும். கனடாவில் ‘பிளான்ட்வாட்ச்’, பிரிட்டனில் உட்லேண்ட் டிரஸ்ட் நடத்தும் ‘நேச்சர்ஸ் கேலண்டர்’ என்று தனி ஏற்பாடுகள் உண்டு. சென்னையிலோ மதுரையிலோ இருந்துகொண்டு இந்தக் கணக்கை மாமரத்துக்குப் போட்டுப் பார்ப்பது வீண். நம் மாமரம் பூப்பதற்கு வேண்டியது மார்கழி, தை மாதத்து வறட்சியும் குளிர்ந்த இரவும். இடையில் ஒரு மழை பெய்தால் பூவுக்குப் பதில் தளிர் வரும். இந்திய மரங்களுக்கு 2010 முதல் ‘சீசன்வாட்ச்’ இருக்கிறது. கொன்றை, வேம்பு, புளி, பலா எல்லாம் அதன் பட்டியலில் உண்டு.

வடகிழக்கு, மத்திய மேற்கு மாநிலங்களில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஐந்துக்கு நாலரை, தென்மாநிலங்களுக்கு மூன்று. ஜனவரி கடைசியிலேயே 50°F அடிப்படை வரைபடத்தைப் பார்க்கத் தொடங்கி, மார்ச் முழுக்க வாரம் இருமுறை ஆறு நாள் முன்கணிப்பைத் திறந்து பாருங்கள். போர்வையை மட்டும் மே மாதம் வரை பரணில் ஏற்ற வேண்டாம்.